முதல் ட்ரையத்லனும் கொழும்புக் காற்றும்

வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் என்றால் எங்களுக்குப் பாக்கு நீரிணைதான் நினைவுக்கு வரும். 1971இல் இலங்கையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்திப் போய், திரும்பவும் நீந்தியே வந்தார். எடுத்தது 51 மணித்தியாலம். அவர் சைக்கிளிலும் ஒரு சாதனை வைத்திருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1979இல் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் 187 மணித்தியாலம் 28 நிமிடம் தொடர்ந்து சைக்கிள் உழக்கி 1487 மைல் ஓடினார். வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 12.8 கிலோமீற்றர். மரக்கறிப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு சந்தையிலிருந்து வருகிறவரின் வேகம்தான். ஆனால் கிட்டத்தட்ட எட்டு நாள் சீற்றில் இருக்க வேண்டியவருக்கு அதைவிடப் புத்தியான வேகம் இல்லை. ஏன் என்று விளங்கிக்கொண்டால், முதல் ட்ரையத்லனுக்கு எந்தச் சைக்கிள் என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

சமதரையில் சைக்கிளைப் பின்னுக்கு இழுப்பவை இரண்டு: தரையில் உருளும் ரயரின் தடை, வளியின் தடை. ரயருக்குத் தேவைப்படும் வலு வேகத்தோடு நேராக ஏறும். வேகம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். வளியின் கணக்கு வேறு. வேகம் இரட்டித்தால் வளித்தடை நான்கு மடங்காகிறது. அந்த நான்கு மடங்குத் தடையை இரண்டு மடங்கு விரைவாகத் தள்ள வேண்டியிருப்பதால் தேவையான வலு எட்டு மடங்காகிறது. வலுவை வாற்றில் அளக்கிறோம். எரிபொருளும் மின்சாரமும் இல்லாத போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்ட யாழ்ப்பாணத்தாருக்கு இந்த அலகு கால்களாலேயே தெரியும்: அந்த டைனமோ தந்தது வெறும் 3 வாற்று. சாதாரண உடம்புக்காரர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஆனந்தனின் வேகத்தில் போக ஏறக்குறைய 30 வாற்று போதும், அதில் பாதிக்கு மேல் ரயருக்கே செலவாகிறது. அதே ஆள் அதே சைக்கிளில் வேகத்தை இரட்டிக்க 135 வாற்று வேண்டும். அதில் முக்கால் பங்கை வளி எடுத்துக்கொள்கிறது.

ட்ரையத்லன் பெரிய பழைய விளையாட்டு அல்ல. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் பந்தயம் இந்தப் பெயரில் முதலில் நடந்தது 1974இல், கலிபோர்னியாவின் சான் டியேகோவில். ஒலிம்பிக்கில் சேர்ந்தது 2000ஆம் ஆண்டு சிட்னியில். கொழும்புக்கு அது பெரிய அளவில் வந்தது 2018 பெப்ரவரியில், அயர்ன்மேன் 70.3 என்ற பந்தயமாக: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். பெப்ரவரியில் மேற்குக் கரைக் கடல் அடங்கிக் கிடக்கும். முதல் தடவை இறங்குகிறவருக்கு அந்தத் தூரம் வேண்டாம். ‘ஸ்பிரின்ட்’ எனப்படும் குறுந்தூரம் 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளை சுகததாச நீச்சல் தடாகத்தில் பழகி, வெள்ளவத்தைப் பிள்ளை மரைன் ட்ரைவில் விடியப்புறம் ஓடிப் பழகி, சில மாதங்களில் எட்டக்கூடிய தூரம்தான். இதில் நேரத்தின் பெரும்பங்கு சைக்கிளில் போகிறது. புதியவர் நீச்சலை 20 நிமிடத்திலும் ஓட்டத்தை அரை மணித்தியாலத்திலும் முடித்தால் சைக்கிள் முக்கால் மணித்தியாலத்தை எடுக்கும். ஆகவே சைக்கிளைப் பற்றி யோசிப்பது வீண் கவலை அல்ல. யோசிக்கிற விதத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ. கால்கள் தொடர்ந்து 150 வாற்று தருகின்றன. ஓரளவு பழகியவருக்கு இது எட்டக்கூடியது. காற்று வீசாத சமதரையில் 20 கிலோமீற்றர். பருமனான பல் வைத்த ரயருடன் கூடிய மவுண்டன் பைக்கில் நிமிர்ந்து உட்கார்ந்து போனால் ஏறக்குறைய 50 நிமிடம். அதே சைக்கிளில் ரயரை மட்டும் வழுவழுப்பான, ஒடுக்கமான, வீதிக்கு உரிய ரயராக மாற்றினால் 45 நிமிடம். கீழ்நோக்கி வளைந்த ஹாண்டில் உள்ள ரேசிங் சைக்கிளில், பிறேக் பிடிக்கு மேல் கை வைத்துப் போனால் 41. அதே சைக்கிளில் வளைவின் அடிப்பகுதியைப் பிடித்துக் குனிந்தால் 39க்குச் சற்றுக் குறைவு. முழங்கைகளை முன்னால் ஊன்றிப் படுத்தவாறு போகும் ட்ரையத்லன் சைக்கிளில் 36 சொச்சம். பொதுவாக அளந்தறியப்பட்ட தடைப் பெறுமானங்களை வைத்துப் போட்ட கணக்கு இது. சந்தியும் வளைவும் குழியும் உள்ள நிஜ வீதியில் எண்கள் எல்லாம் கூடும், ஆனால் வரிசை மாறாது.

வாசிக்கிறவர் கவனிக்க வேண்டியது கடைசி எண்ணை அல்ல, முதல் இரண்டு எண்களை. இந்த வரிசையிலேயே ஆக மலிவான மாற்றம் ரயர்; அது ஏறக்குறைய 5 நிமிடம் தருகிறது. ஆக விலை கூடிய மாற்றம் கடைசியாக உள்ள ட்ரையத்லன் சைக்கிள்; அது தருவது 2 நிமிடம் சொச்சம். அதுவும் அந்தப் படுத்த நிலையில் 20 கிலோமீற்றரும் இருக்க முடிந்தால் மட்டும்தான். மூன்றாவது, நான்காவது எண்களுக்கு இடையில் சைக்கிள் மாறவே இல்லை, உடம்பு மட்டுமே குனிந்திருக்கிறது. வளித்தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓடுகிறவரின் உடம்பால் வருவது. சைக்கிளின் பங்கு மீதிதான். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவரிடம் விற்க இருப்பது சைக்கிள்.

உடம்பைக் குனிப்பதன் பெறுமதியை உலகத்துக்குக் காட்டியது 1989ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சைக்கிள் சுற்றோட்டம். கடைசி நாள், வெர்சாயிலிருந்து பரிஸுக்கு 24.5 கிலோமீற்றர் தனியோட்டம். அமெரிக்கரான கிரெக் லெமொண்ட் 50 செக்கன் பின்தங்கியிருந்தார். ட்ரையத்லன்காரர்கள் ஏற்கெனவே பாவித்து வந்த ஏரோ பாரைத் தன் ஹாண்டிலில் பூட்டிக்கொண்டு, முழங்கைகளை ஒடுக்கிப் படுத்தவாறு ஓடினார். முன்னணியில் இருந்த லோரான் ஃபினியோன் தலைக்கவசம் இல்லாமல், குடுமி காற்றில் பறக்க, பழைய மாதிரி ஹாண்டிலில் ஓடினார். அன்று லெமொண்ட் 58 செக்கன் மீட்டார். மூன்று வாரப் பந்தயத்தை 8 செக்கனால் வென்றார். இதைக் கேட்டதும் ஏரோ பார் வாங்க ஓடவேண்டாம். முழங்கையை ஊன்றியபடி இருக்கும்போது விரல்கள் பிறேக்கில் இல்லை. முச்சக்கரவண்டி திடீரென்று திரும்பும் ஊரில் பழகுகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. முதல் பந்தயத்துக்கு முழங்கையை மடித்து, தோளைத் தளர்த்திக் குனியப் பழகினாலே போதும். சாதாரண நேர் ஹாண்டிலிலும் இது முடியும்.

எடையைப் பற்றிய மயக்கம் இன்னொன்று. ஒற்றை விரலால் சைக்கிளைத் தூக்கிக் காட்டி விற்பது கடைகளில் பழைய வித்தை. மேலே சொன்ன ரேசிங் சைக்கிளில் 3 கிலோவைக் குறைத்தால் சமதரையில் 20 கிலோமீற்றருக்குக் கிடைக்கும் இலாபம் 10 செக்கனைத் தொடாது. எடை குறைவதால் மிஞ்சுவது ரயரின் தடையில் ஒரு சிறு பங்கு மட்டுமே. வளி உங்கள் எடையைக் கேட்பதில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் என்றால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கிலோவையும் நீங்களே மேலே தூக்க வேண்டும். கொழும்பிலோ, கொட்டாஞ்சேனையில் வுல்ஃபெண்டால் தேவாலயம் நிற்கும் மேட்டைப் போன்ற சில இடங்களை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கியர் இல்லாத சைக்கிளில்கூட இங்கே பந்தயம் ஓடலாம். முன் பல்சில்லில் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள ஒரு லுமாலா சைக்கிளில் நிமிடத்துக்கு 80 தரம் உழக்கினால் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். இப்படிச் சொன்னால் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த வேகத்தை முக்கால் மணித்தியாலம் பிடித்து வைத்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

ரயருக்குத் திரும்புவோம், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ரயர் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் அமுங்குகிறது, தரையை விட்டு எழும்போது மீண்டும் விரிகிறது. அமுக்கக் கொடுத்த சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை, ஒரு பகுதி வெப்பமாகிப் போகிறது. இதுதான் உருளல் தடை. தடித்த ரப்பரும் ஆழமான பற்களும் கூடுதலாக நெளியும், கூடுதலாக விழுங்கும். அப்படியானால் காற்றைக் கல்லுப்போல அடித்துவிடலாமே என்று தோன்றும். வழுவழுப்பான உள்ளரங்கத் தளத்தில் அது சரி. எங்கள் வீதியில், ஒட்டுப் போட்ட தாரிலும் வடிகான் மூடியிலும், கல்லுப்போன்ற ரயர் அமுங்க மறுத்து முழுச் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அந்தக் குலுக்கலில் இழக்கும் சக்தி ரயர் மிச்சம் பிடித்ததைவிடக் கூடிவிடும். தொழில்முறை ஓட்டக்காரர்களே 23 மில்லிமீற்றர் ரயரைக் கைவிட்டு 28க்கும் அதற்கு மேலும் போனது இதனால்தான். கொழும்புக்கு 28 முதல் 35 மில்லிமீற்றர் அகலத்தில், மெல்லிய வழுவழுப்பான ரயர், பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அளவுக்குக் கீழே காற்று. ஆனால் காற்று மிகவும் குறைந்தால் குழியில் விழும்போது ரியூப் சில்லு விளிம்பில் நசிந்து இரட்டைத் துளை விழும். அப்படி நசியும் அளவுக்குக் காற்றைக் குறைக்க வேண்டாம். பந்தயத்துக்கு முதல்நாள் கையால் அழுத்திப் பார்ப்பது போதாது. அளவுமானி உள்ள பம் ஒன்றை இரவல் வாங்கியாவது அளந்து பாருங்கள்.

காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டு கடற்காற்றை விடமுடியாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வெள்ளவத்தைக் கரையில் பழகுகிறவருக்கு ஒரு நம்பிக்கை உண்டு: போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது பின்காற்று, ஆகவே சமன். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மேலே 41 நிமிடம் எடுத்த அதே ஆள், நேர் எதிரே 15 கிலோமீற்றர் வேகக் காற்றில் 10 கிலோமீற்றர் போய், அதே காற்றை முதுகில் வாங்கித் திரும்பினால் 44 நிமிடம் எடுப்பார். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தப் பாதியில் கூடுதல் நேரம் இருக்கிறார், பின்காற்றின் சுகம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. காற்று நாளில்தான் குனிவதன் பெறுமதி இன்னும் ஏறுகிறது. பக்கக்காற்று வேறு பிரச்சினை. கடற்கரையில் ஆழமான விளிம்புள்ள சில்லு பாய்போலக் காற்றைப் பிடித்துத் தள்ளும், புதியவருக்கு அது வேண்டாத வம்பு.

கொழும்பு வளிக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. சூடான வளி அடர்த்தி குறைந்தது. ஈரமான வளி அதைவிடவும் இலேசு; நீராவியின் மூலக்கூறு நைதரசன், ஒட்சிசன் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது. 15 பாகை உலர்வளி கன மீற்றருக்கு 1.225 கிலோகிராம், எங்கள் 30 பாகைப் புழுக்க வளி ஏறக்குறைய 1.15. அதே உழைப்புக்கு 20 கிலோமீற்றரில் முக்கால் நிமிடம் போல இனாமாகக் கிடைக்கிறது. அதற்கான விலையை உடம்பு கட்டுகிறது. 150 வாற்று பெடலுக்குப் போகும்போது தசைகள் 500 வாற்றுக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகின்றன, அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும். ஈரப்பதன் கூடிய வளியில் வியர்வை ஆவியாகாமல் சொட்டியே போகிறது. சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. சைக்கிளில் இருக்கும்வரை மணிக்கு 25–30 கிலோமீற்றர் காற்று முகத்தில் அடிப்பதால் இது தெரியாது. இறங்கி ஓடத் தொடங்கியதும் அந்தக் காற்று மூன்றில் ஒரு பங்காகிவிடும், வெப்பம் ஒரேயடியாக ஏறும். குடிக்க வேண்டிய இடம் சைக்கிள்தான். வயிறு குலுங்காமல் குடிக்க முடிவதும் அங்கேதான். அதனால் சைக்கிள் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது கியரையல்ல, ஃபிரேமில் போத்தல் பூட்டத் திருகாணித் துளை இருக்கிறதா என்று. ஒரு போத்தல் தண்ணீர், அதில் கொஞ்சம் உப்பும் சீனியும். ஓடியபடி எடுத்துக் குடித்துத் திரும்ப வைக்கப் பழகியிருக்க வேண்டும்.

இப்போது கடைக்குப் போகலாம். முதல் பந்தயத்துக்குப் புதுச் சைக்கிள் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் ஒன்று இருந்தால் அது, இல்லாவிட்டால் மைத்துனரிடமோ நண்பரிடமோ இரவல். 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் கொழும்பில் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது, விலையும் எகிறியது. அன்று வாங்கப்பட்ட பல சைக்கிள்கள் இன்று மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கின்றன. கேட்டுப் பாருங்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் டாம் வீதிப் பக்கத்துக் கடைகளில் ஒரு சுற்று வந்து விலை விசாரிக்கலாம். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களில் நல்லவை அகப்படும். ஆனால் அழகைப் பார்த்து மயங்காமல் அளவைப் பாருங்கள். இரண்டு காலையும் ஊன்றிச் சைக்கிளுக்கு மேல் நிற்கும்போது மேற்குழாய்க்கும் உங்களுக்கும் இடையில் இடைவெளி வேண்டும். சீற் உயரத்துக்கு ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது: வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடைச் சந்தியிலிருந்து தரைவரை அளந்து, அதை 0.883ஆல் பெருக்குங்கள். 78 சென்ரிமீற்றர் என்றால் பெடல் கரங்கள் இரண்டும் சேர்ந்து சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பகுதிவரை ஏறக்குறைய 69 சென்ரிமீற்றர். பெரும்பாலானோர் இதைவிடப் பல சென்ரிமீற்றர் தாழ்வாக வைத்தே ஓடுகிறார்கள், இரு பாதமும் தரையில் படவேண்டும் என்ற பயத்தில். தாழ்ந்த சீற்றில் முழங்கால் கூடுதலாக மடிகிறது, தொடைத்தசை சீக்கிரம் களைக்கிறது, முழங்காலின் முன்பக்கம் நோகிறது. பிறகு 5 கிலோமீற்றர் ஓட வேண்டியவருக்கு இது அநியாயச் செலவு. அளவு பொருந்தாத விலையுயர்ந்த சைக்கிளைவிடப் பொருந்திய பழைய சைக்கிள் உங்களை முன்னதாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

பெடலைப் பற்றிச் சுருக்கமாக. சப்பாத்தைப் பூட்டிக்கொள்ளும் பெடல் முதல் பந்தயத்துக்குத் தேவையில்லை. மேல்நோக்கி இழுத்து உழக்குவதால் சீரான ஓட்டத்தில் பெரிய இலாபம் இல்லை. சாதாரண பெடல் என்றால் ஓடுகிற சப்பாத்தோடேயே சைக்கிளிலும் போகலாம், இறங்கியதும் மாற்றாமல் ஓடலாம். சைக்கிளைத் தொடுமுன் தலைக்கவசத்தின் வாரைப் பூட்டியிருக்க வேண்டும் என்பது எல்லாப் பந்தயத்திலும் விதி, மறந்தால் தண்டனை. முன்னால் போகிறவரின் சில்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதற்கும் பொதுமக்கள் பிரிவில் பெரும்பாலும் தடை. வளித்தடையில் மூன்றில் ஒரு பங்கு வரை மிஞ்சும் திருட்டு அது, அதனால்தான் தடை.

பிறேக்கை மழையில் சோதியுங்கள். விளிம்பைப் பிடிக்கும் பிறேக், ஈரத்தில் முதலில் நீர்ப்படலத்தைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கத் தொடங்கும். அந்த ஒரு நொடிக்குள் சைக்கிள் ஏழெட்டு மீற்றர் போய்விடும். பிறேக் கட்டை கண்ணாடிபோல் இறுகியிருந்தால் மாற்றுங்கள். அதற்குச் செலவாகும் பணம் மிகச் சொற்பம்.

பந்தயம் முடிந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது, கரையோரத்தில் குடியிருப்பவருக்கு அது எப்போதும் உள்ள வேலை. கடலில் நீந்தி எழும்பி அப்படியே சைக்கிளில் ஏறியவர் உப்புநீரை ஃபிரேம் முழுக்கச் சொட்டியிருப்பார். அதற்குமேல் வியர்வை. உப்பிலுள்ள குளோரைட்டு உருக்குச் செயினை ஓர் இரவிலேயே துருப்பிடிக்க வைத்துவிடும். அலுமினியத்தின் மேலுள்ள காப்புப் படலத்தையும் அது துளைக்கும். அலுமினிய ஃபிரேமுக்குள் உருக்குச் சீற் தண்டு இருந்தால் உப்புநீர் இரண்டுக்கும் நடுவில் மின்கலம்போல வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். ஒரு வருடம் கழித்துச் சீற்றை உயர்த்தப் பார்த்தால் தண்டு அசையாது. கார்பன் தண்டு என்றால் அரிப்பு இன்னும் மோசம். அன்று மாலையே நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். குழாயைப் பிடித்து அழுத்தமாக அடித்தால் தண்ணீர் போல்பெயரிங்குக்குள் போய்விடும். உலோகச் சீற் தண்டைக் கழற்றிக் கிறீஸ் பூசித் திரும்பச் செருகும்போது 69 சென்ரிமீற்றரை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.